முதுகுன்றத்து மண்ணும் ஊரார் உரிமையும்



நிலம் ஒருவருக்கு உரிமையாக இருக்கலாம். ஆனால் அந்நிலத்தில் அவர் செய்யும் செயலின் விளைவு அவருடைய வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை. வாய்க்காலின் தலைப்பில் ஒருவர் சுவர் எழுப்பினால் கடைமடையில் இருக்கும் வயல் காய்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு தோல் பதனிடும் சாலை எழுந்தால் கிழக்கே உள்ள கிணறுகள் கெடுகின்றன. மேய்ச்சல் வெளி மனைகளாக மாறினால் ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பம் தொழிலை இழக்கிறது. ஆகையால், இன்ன இடம் வயலாக இருக்கட்டும், இன்ன இடம் குடியிருப்பாக இருக்கட்டும், இன்ன இடத்தில் தொழிற்சாலை எழட்டும் என்று வகுக்கும் பொறுப்பு எந்தக் காலத்திலும் பொதுப் பொறுப்பாகவே இருந்து வந்திருக்கிறது. அப்பொறுப்பை ஏற்றவர் யார்? ஊரார்க்கு அதில் எவ்வளவு பங்கு இருந்தது? 'ஊரார்' என்ற சொல்லுக்குள் அடங்கியவர் யார், வெளியே நின்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடி ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு உரைகல்லாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் விருத்தாசலம்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது விருத்தாசலம். முதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். 'முது' என்பதை 'விருத்த' என்றும், 'குன்றம்' என்பதை 'அசலம்' என்றும் வடமொழியாக்கியதால் விருத்தாசலம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தேவார மூவரும் பாடிய தலம் அது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழப் பேரரசியாராகிய செம்பியன் மாதேவியார் அங்குள்ள திருக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். இத்துணைப் பழமை வாய்ந்த ஊர், இருபதாம் நூற்றாண்டில் ஒரு புதிய புகழையும் பெற்றது. பொம்மைகளும் மின்சாரப் பீங்கான் கருவிகளும் செய்யும் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு எழுந்தன. விருத்தாசலம் என்றவுடன் கோயிலை நினைப்போர் ஒருபுறம் இருக்க, பீங்கானை நினைப்போரும் பெருகினர்.

அந்தப் பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் எங்கிருந்து வந்தது? சில கல் தொலைவில் உள்ள நெய்வேலியிலிருந்து வந்தது. அங்கு நிலத்தைத் தோண்டினால் அடுக்கடுக்காகச் செல்வம் கிடக்கிறது. மேலே உழுது பயிரிடும் மண். அதன் கீழே பீங்கானுக்கு உதவும் வெண்களிமண். அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரி. அந்நிலக்கரிக்கும் அடியில், பெரும் அழுத்தத்தோடு மேலெழக் காத்து நிற்கும் நிலத்தடி நீர். அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி நிலக்கரியை எடுக்க இயலாது. உழவர்க்கு முதல் அடுக்கு வேண்டும். பீங்கான் தொழிலாளிக்கு இரண்டாம் அடுக்கு வேண்டும். மின்சாரம் வேண்டும் நாட்டுக்கு மூன்றாம் அடுக்கு வேண்டும். சுற்றுப்புறத்து ஊர்களின் கிணறுகளுக்கு நான்காம் அடுக்கு வேண்டும். ஒரே நிலத்தின்மீது நான்கு உரிமைகள் மோதும் இடம் இது. நிலத்தை எப்பயனுக்கு விடுவது என்னும் வினா இவ்வட்டாரத்தைப் போல வேறெங்கும் இவ்வளவு கூர்மையாக எழுவது அரிது.

இனி, பழங்காலத்துக்குச் செல்வோம்.

நிலத்தைப் பயன்பாட்டின்படி வகுக்கும் முறை மேனாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுவோர் உளர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படித்தால் அவ்வெண்ணம் மாறும். முதலாம் இராசராசன் காலத்தில், 1001ஆம் ஆண்டளவில், சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. அளந்தபின், ஒவ்வோர் ஊரிலும் வரி கொடுக்கும் விளைநிலம் எவ்வளவு என்று கண்டனர். அதற்கு முன்னர் வரி நீங்கிய நிலங்களை வகைவகையாகக் கழித்தனர். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அவ்வகைகள் நீள்கின்றன. குடியிருப்பு இன்ன இடம், நீர்நிலை இன்ன இடம், தொழில் செய்வோர் தெரு இன்ன இடம் என்பது கணக்கில் ஏறியிருந்தது. இன்றும் நம் ஊர்களின் கணக்கில் நிற்கும் 'நத்தம்' என்னும் சொல் அக்கல்வெட்டுக்களிலேயே காணப்படுகிறது.

இவ்வாறு வகுத்ததில் ஊரார்க்குப் பங்கு இருந்ததா? இருந்தது. ஆனைமங்கலச் செப்பேடு அதற்குச் சிறந்த சான்று. நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். அரசனுடைய திருமுகம் வந்தவுடன் நாட்டார் எதிர்சென்று, தொழுது வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர்ப் பிடியானையை நடத்தி எல்லையைச் சூழ்ந்து வந்தனர். எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நாட்டினர். அந்நிகழ்ச்சியில் சுற்றியுள்ள ஊர்களின் சார்பாளரும் கலந்துகொண்டு, தம் ஊரார் சொல்லக் கையெழுத்திட்டனர். அண்டை ஊரார் அறியாமல் எல்லை வகுத்தால் நாளைக்கு வழக்கு எழும் என்பதனை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

சோழர் செப்பேடுகளில் இன்னொரு பகுதியும் நம் கருத்தைக் கவர்வது. ஓர் ஊரைக் கொடையாக அளிக்கும்போது அங்கே என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யலாகாது என்று விதிகளை வரிசையாகப் பொறித்தனர். சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம்; கிணறு தோண்டலாம்; தென்னஞ்சோலை இடலாம்; பெருஞ்செக்கு நாட்டலாம். ஆனால், இவ்வூருக்குரிய வாய்க்காலை மற்றவர் குறுக்கே வெட்டலாகாது. அதிலிருந்து கூடையால் நீர் இறைத்துச் செல்லலாகாது. ஊரை ஊடறுத்து அடுத்த ஊர் நிலத்துக்குச் செல்லும் வாய்க்காலை இவ்வூரார் மறிக்கலாகாது. கட்டட விதியும் தொழில் விதியும் நீர் விதியும் ஒரே ஏட்டில் அமைந்திருக்கும் அழகை இங்கே காணலாம்.

இவ்விதிகளைக் காத்தவர் யார்? உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் அதற்கு விடை தருகின்றன. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆண்டிலும் 14ஆம் ஆண்டிலும், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தம் தேர்தல் முறையைக் கல்லில் பொறித்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வந்தவர்களிலிருந்து ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர். ஏரிக்கென்றும் தோட்டத்துக்கென்றும் தனித்தனி வாரியம் வைத்த அறிவை எண்ணிப் பாருங்கள். கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்தில் இடம்பெற முடியாது. அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் மீண்டும் வர முடியாது. பொது நிலத்தையும் பொது நீரையும் ஒரு சிலரே நெடுங்காலம் கையில் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதனை அச்சபையார் அறிந்திருந்தனர்.

ஆனால், மாணவர்களே, பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. உத்தரமேரூரில் வாரியத்துக்கு வரத் தகுதி எது? வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட சொந்த நிலம் வேண்டும். தன் மனையில் தானே வீடு கட்டியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதம் முதலிய கல்வி வேண்டும். அது பிரமதேய ஊர். சபையில் அமர்ந்தவர் அந்தணராகிய நிலக்கிழார். அந்நிலத்தை உழுதவருக்கும், வாய்க்காலை வெட்டியவருக்கும், மண் பிசைந்து குடம் செய்தவருக்கும், பெண்டிர்க்கும் அந்தக் குடவோலையில் பெயர் இல்லை. தஞ்சைக் கல்வெட்டில் சேரிக்கு எல்லை வகுத்தபோது, அச்சேரியில் வாழ்ந்தவர் வாய்திறந்து தம் கருத்தைச் சொன்னதாக எங்கும் குறிப்பில்லை. அவர்கள் வாழும் இடத்தைப் பிறர் வகுத்தனர். இவ்விருளை மறைத்துவிட்டு, குடவோலையின் ஒளியை மட்டும் காட்டுவது பிழையாகும்.

வெளியே நின்றவர்கள் எப்போதும் வாய்மூடி இருக்கவில்லை. அதனைக் காட்டும் செய்தி பதினைந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அதில் விருத்தாசலத்துக்கும் இடம் உண்டு.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகம் விசயநகர ஆட்சியின்கீழ் வந்தது. அரசனுடைய அதிகாரிகளும், சீவிதமாக நிலவருவாய் பெற்றோரும் ஊர்களில் வரி தண்டினர். பழைய காணியாளரிற் சிலர் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். விளைச்சலைப் பாராமல் வரி விதித்தனர். குடிகள் ஊரைவிட்டு ஓடத் தலைப்பட்டனர். இரண்டாம் தேவராயன் ஆட்சியில், 1429ஆம் ஆண்டில், வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும் ஒன்று கூடினர். தெருவில் நடக்கும் உரிமைக்கும் கொடி பிடிக்கும் உரிமைக்கும் தம்முள் மோதிக்கொள்வதில் பேர்போனவை இவ்விரு கூட்டங்களும். அவை பகையை மறந்து ஒரே நிலையில் நின்றன. விருத்தாசலத்திலும், காவிரிக் கரையை அடுத்த கொறுக்கையிலும், வேறு சில ஊர்களிலும் உள்ள கோயிற் சுவர்களில் அந்த ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுக்கள் இச்செய்தியைக் கூறுகின்றன.

கொறுக்கைக் கல்வெட்டின் கருத்து நெஞ்சை உருக்குவது. விளைச்சலுக்கேற்ப வரி விதிக்காமல் அநியாயமாக விதித்தனர். நாங்கள் ஓடிப்போக எண்ணினோம். மண்டலம் முழுவதும் ஒன்றாக இல்லாமையால் அன்றோ நமக்கு இந்நிலை நேர்ந்தது என்று உணர்ந்தோம். இனி விளைந்ததற்கு ஏற்ற நியாயமான வரியையே செலுத்துவோம். முறையற்றதைச் செலுத்தோம் என்பது அக்கல்வெட்டின் சாரம். மற்றொரு தீர்மானம் இன்னும் கடுமையானது. கொடுமை செய்யும் அதிகாரிக்கும் அவரோடு சேர்ந்த காணியாளருக்கும் யாரும் புகலிடம் தரலாகாது. நாட்டிலே பிறந்தவர் யாரும் அவர்களுக்குக் கணக்கு எழுதலாகாது. மீறினால் நாட்டுத் துரோகியாகக் கருதிக் குத்திக் கொல்லலாம் என்று அது விதித்தது. இத்தண்டனையை நாம் ஏற்கமாட்டோம். எனினும், 'கணக்கு எழுதலாகாது' என்னும் கட்டளையின் நுட்பத்தை நோக்க வேண்டும். நிலத்தின்மீது அதிகாரம் வாளினால் மட்டும் நடப்பதில்லை, கணக்கினால் நடக்கிறது. எந்த நிலம் எவ்வகை, யாருடையது, எவ்வளவு வரி என்று எழுதும் எழுத்தாணி நின்றால் அதிகாரமும் நின்றுவிடும். அந்த உண்மையை 1429ஆம் ஆண்டிலேயே எளிய குடிகள் கண்டுகொண்டனர்.

இனி ஆங்கிலேயர் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமசு மன்றோ முதலியோர் நிலைநாட்டிய இரயத்துவாரி முறை, அரசு ஒவ்வொரு குடியோடும் தனித்தனியே வரிக்கணக்கு வைத்துக்கொள்ளும் முறையாகும். அதனால் உழவருக்கு நிலத்தின்மீது எழுத்துமூலமான உரிமை கிடைத்தது, அது நன்மை. ஆனால் ஊர் என்னும் கூட்டம் நில ஆட்சியிலிருந்து விலகி நின்றது. பொதுவாக இருந்த மேய்ச்சல் வெளியும் குளக்கரையும் பாதையும் 'புறம்போக்கு' என்னும் தலைப்பின்கீழ் ஏறின. 1905ஆம் ஆண்டில் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரிமையில்லாத சாலை, தெரு, ஏரி, ஆறு, தரிசு ஆகியவை அரசின் உடைமை என்று அறிவித்தது. ஏரி வாரியம் வைத்து ஆண்ட மண்ணில், ஏரி ஊராரின் உடைமை அன்று என்றாயிற்று. அந்நாள் முதல், பொது நிலத்தில் எதனைச் செய்வதற்கும் ஊரார் மனுக் கொடுப்பவராக நின்றனர்.

அக்காலத்தில் ஒரு மாற்றுக் குரலும் கேட்டது. அதற்குரியவர் பாட்ரிக் கெடிசு என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். நகரமைப்பைப் பற்றி அவர் தொகுத்திருந்த கண்காட்சிப் பொருள்கள் 1914ஆம் ஆண்டில் கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன. முதல் உலகப்போர் மூண்ட நேரம் அது. சென்னைமீது குண்டு வீசிய எம்டன் என்னும் செருமானியக் கப்பல், அப்பொருள்களை ஏற்றி வந்த கப்பலையும் கடலில் மூழ்கடித்துவிட்டது. கெடிசு மனம் தளரவில்லை. நண்பர்களின் உதவியால் புதிதாகத் தொகுத்துச் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மாகாணத்து நகரங்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதே நகரமைப்பு என்று அதிகாரிகள் கருதியபோது, அவர் மறுத்தார். நோயாளியைத் தொட்டுப் பாராமல் கத்தியை எடுக்கும் மருத்துவரைப் போல நகரை வெட்டலாகாது என்பது அவருடைய கொள்கை. தெருவில் வாழ்வோரின் பழக்கத்தையும் கோயிலையும் குளத்தையும் மரத்தையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குறைந்த இடிப்பில் நிறைந்த நலம் காண வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1920ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது, கெடிசு வேண்டிய அளவுக்கு மக்களின் பங்கு அதில் வரவில்லை.

விடுதலைக்குப்பின் நாடு தொழில் வளத்தை நாடிற்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956ஆம் ஆண்டில் பதிவாயிற்று. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டில் நிலக்கரி வெளிப்பட்டது. தமிழகத்தில் விளக்கு எரிந்தது, ஆலைகள் ஓடின, விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளும் வெண்களிமண் பெற்றன. அதே வேளையில் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. நாட்டுக்கு ஒளி தந்தவர் யார் என்று கேட்டால், பொறியாளரையும் தொழிலாளரையும் சொல்வோம். தம் நத்தத்தையும் நஞ்சையையும் விட்டு எழுந்து போன குடிகளையும் அவ்வரிசையில் சேர்த்துச் சொல்வதே அறமாகும்.

சட்டங்களும் மெல்ல மாறி வந்தன. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டுச் சட்டமாக 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன்படி ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது, குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் பயன் குறிக்கப்படுகிறது. வரைவை வெளியிட்டு, மக்களின் மறுப்பையும் கருத்தையும் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் கேட்ட பின்னரே அதனை முடிவுசெய்ய வேண்டும். 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்தன. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ்க் கிராம சபை அமைந்தது. அதிற் பேசக் கால்வேலி நிலம் வேண்டா. வேதம் ஓதியிருக்க வேண்டா. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். உத்தரமேரூர்க் குடவோலையில் இடம் பெறாத உழவரும் குயவரும் சேரியில் வாழ்ந்தோரும் பெண்டிரும் இச்சபையில் சமமாக அமர்கின்றனர். 2016ஆம் ஆண்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. நகரங்களுக்கும் இத்தகைய மேடை வேண்டும் என்று நெடுநாளாக எழுந்த கோரிக்கையின் பயனாக, 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. தெருவிளக்கும் சாக்கடையும் மட்டுமின்றித் தம் பகுதியின் நிலத்தைப் பற்றியும் நகரத்தார் கூடிப் பேச ஒரு வாயில் திறந்தது.

வாயில் திறந்ததனால் வழி முழுவதும் தெளிவாகிவிட்டதா? அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, ஊரார் குரல் பயன் தந்த நிகழ்ச்சி. 2017ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் இயற்கை எரிவளி எடுக்கும் திட்டத்தை எதிர்த்து உழவர்கள் திரண்டனர். காவிரிப் பாசனப் பகுதியில் பல கிராம சபைகள் இத்தகைய திட்டங்கள் வேண்டா என்று தீர்மானம் செய்தன. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களோடு புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதன் எல்லைக்குள் வந்தன. கடலூரில் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், மேல்புவனகிரி, குமராட்சி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் இடம்பெற்றன. விருத்தாசலம் அந்த எல்லைக்கு வெளியே நின்றது. நிலத்தின்மேல் கோடு கிழிப்பதில் உள்ள அருமை இங்கே புலப்படும். கோட்டுக்கு இப்பால் இருக்கும் வயலும் அப்பால் இருக்கும் வயலும் ஒரே நெல்லைத்தான் விளைவிக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை வேறுவேறு.

இரண்டாவது, குரல் காலம் தாழ்ந்து எழுந்த நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சேத்தியாத்தோப்புக்கு அண்மையிலுள்ள வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டும் பணி தொடங்கிற்று. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் கையகப்படுத்தப்பட்டது. ஆனால் உழவர் அதில் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். கதிர்விடும் நெற்பயிரின்மீது பொறிகள் ஏறின. நாடே அதனைப் பார்த்து வருந்தியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணை பிறந்தது. நிலம் எங்களுடையது என்று நிறுவனம் கூறியது ஏட்டின்படி சரி. விதைத்தவன் அறுக்கட்டும் என்று உழவர் கூறியது வாழ்வின்படி சரி. இவ்விரண்டும் மோதும் நாளுக்குமுன்னரே ஊர் கூடிப் பேசி ஒரு கால அளவை வகுத்திருந்தால், அந்தப் பயிரேனும் களத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்பதனைச் சட்டமும் ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளது. பெருந்திட்டங்களின் சுற்றுச்சூழல் விளைவுகளைப் பற்றி 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு 30 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்டச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் வைக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க ஆய்வு செய்து உள்ளாட்சி அமைப்புக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. எனினும், தொழிற்சாலைகளுக்காகத் தமிழ்நாட்டில் நிலம் எடுக்க உதவும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவ்வாய்வு கட்டாயமாக்கப்படவில்லை. ஒரு கையால் கொடுத்த உரிமை மறு கையின் விரலிடுக்கில் நழுவும் இடங்கள் இவை. குடிமக்கள் விழிப்போடு நோக்க வேண்டிய இடங்களும் இவையே.

இந்த ஆயிரம் ஆண்டு வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று.

ஒன்று, ஊர் என்பது ஊரில் உள்ளோர் அனைவரும் ஆதல் வேண்டும். நிலக்கிழாரின் சபை ஏரியைத் திறம்படக் காத்தது. ஆயினும் உழுதவரின் குறையை அது கேட்கவில்லை. இன்றும் ஒரு குடியிருப்போர் சங்கம் தன் தெருவின் தூய்மைக்காகக் குப்பைமேட்டை அடுத்த ஏழைத் தெருவுக்குத் தள்ளுமானால், அது பழைய சபையின் குறையையே மீண்டும் செய்கிறது.

இரண்டு, கணக்கும் வரைபடமும் ஊரார்க்கு விளங்க வேண்டும். 1429இல் குடிகள் கணக்கெழுத மறுத்து அதிகாரத்தை நிறுத்தினர். இன்று நமக்கு அவ்வழி வேண்டா. கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. எழுத்தறிவு பரவிய இந்நாளில், வரைபட அறிவும் பரவுதல் வேண்டும்.

மூன்று, கேட்பது காலத்தில் கேட்பதாக இருக்க வேண்டும். பிடியானை நடக்குமுன் அண்டை ஊராரை அழைத்தனர் நம் முன்னோர். பொறி வயலில் இறங்கிய பின்னர்க் கருத்துக் கேட்பதால் பயன் என்ன?

மாணவர்களே! தொழில் வேண்டுமா, வயல் வேண்டுமா என்று ஒற்றைச் சொல்லில் விடை கேட்பவர் நம்மை ஏமாற்றுகின்றனர். நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், சோறும் வேண்டும், விருத்தாசலத்துச் சூளைக்குக் களிமண்ணும் வேண்டும், அவ்வூர்ப் பெண்கள் இறைக்கும் கிணற்றில் நீரும் வேண்டும். எது எவ்வளவு, எங்கே, எப்போது என்பதனை அளந்து பார்க்கும் தராசு ஊரவை. அத்தராசில் நிற்கும் உரிமையைப் பல தலைமுறையினர் போராடிப் பெற்றனர்.

வயது பதினெட்டு நிறைந்தால் நீங்களும் கிராம சபையின் உறுப்பினர். அதுவரை காத்திராமல் இன்றே ஒன்று செய்யலாம். உங்கள் ஊரின் நில வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். நத்தம் எது, புறம்போக்கு எது, ஏரியின் நீர்ப்பிடிப்பு எது, வாய்க்கால் எவ்வழிச் செல்கிறது என்று கண்டுகொள்ளுங்கள். பின்னர் அவ்விடங்களுக்கு நடந்து சென்று, வரைபடத்தில் உள்ளது நிலத்தில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த கிராம சபை கூடும் நாளில், நீங்கள் கண்டதை உங்கள் வீட்டுப் பெரியோர் எடுத்துச் சொல்லட்டும்.